கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் கிடையாது

அந்தக் குடியிருப்பில் அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கைபட்டுத்தான் ஓடுகிறது. நடுவழியில் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிறவர்களை வெளியே எடுத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "ஒண்ணும் இல்லம்மா, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு வீடு திரும்புவார். வேலையில் ஆளைக் குறை சொல்ல முடியாது. பந்தா மட்டும் கொஞ்சம் தூக்கல். "நான் இருக்கிற வரைக்கும் என் வீட்டு ஆளுங்க ஒரு படி ஏற வேண்டியதில்ல" என்று மார்தட்டுவார். அவர்களும் ஏறவில்லை. வீடு நான்காவது மாடியில். அந்த லிஃப்ட் ஒரு நாள்கூட நின்று யாரும் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரே மகள். வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். வயது பத்து. கொழுகொழுவென்று இருப்பாள். வருகிறவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளி, "நல்லா வளத்திருக்கீங்க" என்பார்கள். அதைக் கேட்டு அப்பாவுக்குத் தலைகால் புரியாது. பிள்ளைக்கு அந்தக் கிள்ளு பிடித்திருக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை.

பள்ளியில் ஐந்தாம் வகுப்பை ஆண்டுக்கு இருமுறை கடற்கரைக்கு அழைத்துப்போவார்கள். முதல் முறை போய்விட்டு வந்த குட்டி, கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து கப்பல்கள் எப்படித் தெரிந்தன, காற்று எப்படி அடித்தது என்று வாய் ஓயாமல் சொன்னாள். அடுத்த வாரம் பள்ளியிலிருந்து போட்டோ வந்தது. உச்சியில் வகுப்பே நின்று சிரிக்கிறது. குட்டி மட்டும் அதில் இல்லை.

லிஃப்ட்காரர் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"மூச்சு வாங்குச்சுப்பா. எல்லாரும் நின்னு என்னையே பாத்தாங்க. அதான் வயித்து வலின்னு சொல்லிட்டுக் கீழ டிரைவர் அண்ணா பக்கத்துல உக்காந்துட்டேன்" என்றாள் அவள். அப்புறம் அப்பாவுக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, "அங்க லிஃப்ட் கிடையாதுப்பா" என்றாள்.

அவருக்குச் சுருக்கென்றது. எத்தனையோ பேரை இருட்டுப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தவர், தன் பிள்ளை கீழேயே மாட்டிக்கொண்டதைக் கவனிக்கவில்லை.

"அடுத்த தடவை நான் மேல போகணும்ப்பா" என்றாள் குட்டி. வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வகுப்பு டீச்சர் வீட்டாரை வரச் சொன்னார். பிள்ளையைக் குண்டு என்று சொல்லிவிடுவாரோ என்று லிஃப்ட்காரருக்கு முன்கூட்டியே கோபம் வந்துவிட்டது. துணிக்கடையில் வேலை பார்க்கும் மனைவியையும், கட்டடத்தின் கீழேயே பெட்டிக்கடை வைத்திருக்கும் தம்பியையும் கூட்டிக்கொண்டு சண்டைக்கே கிளம்பினார்.

டீச்சர் சண்டைக்கு இடமே கொடுக்கவில்லை. "உங்க பொண்ணைக் குறை சொல்லக் கூப்பிடல. விளையாட ஆசைப்படுறா, சீக்கிரம் களைச்சுப் போயிடுறா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க, ஸ்கூல் விட்டதும் என்ன சாப்பிடுறா?"

"ஒண்ணுமே இல்ல டீச்சர்" என்றார் லிஃப்ட்காரர். "ஸ்கூட்டர்ல கூட்டிட்டு வர்றப்போ நான் ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தருவேன். அவ்வளவுதான்."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களா? நானுல்ல வேலை விட்டு வர்றப்போ கேக் வாங்கிட்டு வர்றேன். நாள் முழுக்க வீட்ல இருக்க முடியலயேன்னு மனசு கேக்காது."

தம்பி மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார். "அண்ணி, அது வந்து... கடையைத் தாண்டித்தான லிஃப்ட்டுக்குப் போறா. ஒரு கிரீம் பிஸ்கட்டும் ஜூஸும் நான்தான் குடுப்பேன். பிள்ளைக்கு யாரும் ஒண்ணும் குடுக்கிறதில்லன்னு நெனச்சேன்."

ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் செல்லம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குத் தெரியாமல் ஊட்டியிருக்கிறார்கள். மூன்று பேரின் குட்டும் ஒரே மேசையில் உடைந்தது. அசடு வழிய உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து டீச்சர் சிரித்துவிட்டார்.

"என்னையும் சேத்துக்கங்க. சரியா பதில் சொன்னா சாக்லேட் குடுக்கிறது நான்தான். உங்க பொண்ணு எல்லாக் கேள்விக்கும் கையத் தூக்குவா. விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கிட்டதும் நான்தான்."

அன்று சாயங்காலம் லிஃப்ட்காரர் மகளிடம் கேட்டார். "வேணாம்னு சொல்லியிருக்கலாமே குட்டி?"

"நீங்க எல்லாம் எவ்வளவு ஆசையா தர்றீங்க. வேணாம்னா உங்க மூஞ்சி தொங்கிடுமேப்பா."

இத்தனை நாளும் பெரியவர்கள் முகம் வாடாமல் பார்த்துக்கொண்டது அந்தப் பிள்ளைதான்.

அதன் பிறகு வீட்டில் குட்டிக்கென்று தனிச் சட்டம் எதுவும் வரவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரித் தட்டு. டிவியை அணைத்துவிட்டு ஒன்றாக உட்கார்ந்து சாப்பாடு. கேக்குக்கு ஞாயிற்றுக்கிழமை; அன்றைக்கு எல்லோருக்கும் உண்டு. ஆர்வக்கோளாறில் லிஃப்ட்காரர் ஓர் எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். மனைவி அதை வாசலோடு திருப்பி அனுப்பினாள். "வளர்ற பிள்ளையத் தினமும் நிறுத்துப் பாக்க அவ என்ன காய்கறியா? சந்தேகமிருந்தா டாக்டரக் கேளுங்க." தம்பி மட்டும் பழக்கதோஷத்தில் ஒருநாள் பிஸ்கட்டை நீட்டி, அண்ணியிடம் கையும் களவுமாகப் பிடிபட்டார். அதற்குத் தண்டனையாக, கடையைக் கொஞ்ச நேரம் பூட்டிவிட்டுக் குட்டியைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போகும் வேலை அவர் தலையில் விழுந்தது. இரண்டு பேரும் வழியெல்லாம் விடுகதை போட்டுக்கொண்டு போவார்கள். தண்டனை என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

பள்ளியிலும் சாக்லேட் டப்பா மறைந்தது, விளையாட்டுப் பீரியட் திரும்பி வந்தது. சரியாகப் பதில் சொன்னவர் அன்றைய விளையாட்டைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார் டீச்சர். குட்டி இன்னும் ஜோராகக் கையைத் தூக்கினாள்.

கடைசியாக, அப்பாவும் மகளும் லிஃப்ட்டை விட்டார்கள். முதல் வாரம் இரண்டாவது மாடியில் இருவரும் பொத்தென்று உட்கார்ந்துவிடுவார்கள். அந்த மாடிக்காரர் எட்டிப்பார்த்து, "என்ன லிஃப்ட்காரரே, உங்க லிஃப்ட்டே ரிப்பேரா?" என்பார்.

"லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு சார். ரிப்பேர் எனக்கு" என்பார் இவர். பிறகு குட்டிக்கு உட்காரத் தேவைப்படவில்லை. அவள் மேலே போய்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பாள்.

அடுத்த முறை கடற்கரைக்குப் போகும் நாள் வந்தது. துணைக்கு வந்த பெற்றோரில் லிஃப்ட்காரரும் ஒருவர். வெள்ளைக் கோபுரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர், குனிந்து செருப்பு வாரை இறுக்கிக்கொண்டார். குட்டி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே நுழைந்துவிட்டாள்.

படிகள் சுற்றிச் சுற்றிப் போயின. பாதி வழியில் அவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. சுவரில் இருந்த சிறு சன்னலோரம் உட்கார்ந்தார். பிள்ளைகள் அவரைத் தாண்டி ஓடினார்கள். குட்டி எங்கே நின்றிருப்பாளோ, யார் பார்த்துச் சிரிப்பார்களோ என்று மனம் அடித்துக்கொண்டது. அப்போது மேலேயிருந்து பெருங்கூச்சலும் கைதட்டலும் கேட்டன. அதற்குப் பின் தடதடவென்று ஒரு காலடி இறங்கி வந்தது.

குட்டிதான். முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"நான் மேல போயிட்டேன்ப்பா. கப்பல் நெசமாவே தெரியுது."

"அப்புறம் ஏம்மா இறங்கி வந்த?"

"நீங்க வராம போட்டோ எடுக்கக் கூடாதுன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். எந்திரிங்க, இன்னும் கொஞ்சம்தான்." அவள் கையை நீட்டினாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கையைப் பிடித்து எழுந்தார். அவள் முன்னே ஏற, அவர் பின்னே ஏறினார். உச்சியில் காற்று அவள் சொன்ன மாதிரியேதான் அடித்தது.

லிஃப்ட்காரருக்கு இன்றும் பந்தா குறையவில்லை. மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கும் இடத்திலெல்லாம் அன்றைக்கு உச்சியில் எடுத்த போட்டோவைக் காட்டி, "என் பொண்ணு இதுல ஒரே நாள்ல ரெண்டு தடவ ஏறினவ" என்பார். இரண்டாவது தடவை எதற்காக ஏறினாள் என்பதை மட்டும், கேட்டால்தான் சொல்வார்.