கையில்லாத ரப்பர் உடுப்பு

கூலிம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தையல்கடை. உட்காரப் பொறுக்காமல் வாசலுக்கும் மேசைக்குமாக நடக்கிறேன். என் அலைச்சறுக்குப் பலகை குவாந்தான் பஸ்ஸில் ஏறிவிட்டது. மழைக்காலத்தில்தான் அந்தக் கிழக்குக் கடற்கரையில் அலை எழும்பும்.

ஊர் திரும்பிய ஆஸ்திரேலியர் ஒருவர் கொடுத்துவிட்டுப்போன கறுப்பு ரப்பர் உடுப்பு மேசைமேல் கிடக்கிறது. குளிர்க்கடலுக்குத் தைத்தது, ஏகக் கனம். கை இரண்டையும் வெட்டச் சொல்கிறேன்.

"வெட்டிட்டா ஒட்ட முடியாது லா, தம்பி," என்கிறார் தையல்காரர்.

"நம்ம கடல் வெதுவெதுன்னு இருக்கும்ணே. வெட்டுங்க, பஸ் போயிரும்."

வெட்டிவிடுகிறார். ரவிக்கை வாங்க வந்த ரப்பர்த் தோட்டத்து அக்கா ஒருவர் கீழே விழுந்த கைகளை எடுத்துப் பார்க்கிறார்.

"வேணாம்னா நான் எடுத்துக்கவா தம்பி? விடியக்காலையில பாலெடுக்க மரம் வெட்டப் போறப்போ குளிருக்கும் கொசுவுக்கும் ஆகும்."

"எடுத்துக்குங்கக்கா!" சொல்லிக்கொண்டே உடுப்பைச் சுருட்டிக்கொண்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறுகிறேன்.

பஸ் நகரும்போதே மழை பிடித்துக்கொள்கிறது. ஜன்னல் பாதியில் சிக்கி மூட மறுக்கிறது. ஈரக்காற்றில் கை மயிர் குத்திட்டு நிற்கிறது. தண்ணீரின் சூட்டை யோசித்த நான், அலைக்காகப் பலகைமேல் காத்திருக்கும்போது அடிக்கும் காற்றை யோசிக்கவே இல்லை.

கடைவாசலில் அந்த அக்கா, என் உடுப்பின் கைகளைத் தோள்வரை மாட்டிக்கொண்டு, டாட்டா காட்டுகிறார்.