மோட்டாருக்குப் போட்ட போன்

என் போனில் 'மோட்டார்' என்று ஒரு நம்பர் இருக்கிறது. சாணார்பட்டிப் பக்கம் எங்கள் மல்லிகைத் தோட்டத்துக் கிணற்று மோட்டார்தான். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் உண்டு. திண்டுக்கல் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக்கொண்டே நான் அதற்குப் போன் போட்டு, அது எடுத்ததும் ஒன்றாம் நம்பரை அமுக்கினால் தண்ணீர் ஓடும். வீட்டுக்காரர் லோடு ஆட்டோவோடு அலைகிறவர் என்பதால் இந்த ஏற்பாடு.

போன சித்திரையில் பெட்டி போனை எடுத்தால் எடுக்கும், இல்லையென்றால் இல்லை என்றாகிவிட்டது. ஃபைவ் ஜி வந்தாச்சு, சிக்ஸ் ஜியும் வரப்போகுது, பழைய சிக்னலைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள், உங்கள் பெட்டிக்கு அது மட்டும்தான் தெரியும் என்றார் விற்ற கடைக்காரர். நல்ல கூத்து. படம் பார்க்க சிக்னல் பறக்கிறது, பூச்செடிக்குத் தண்ணீர் விட இல்லை.

அப்படி ஒரு நாள். மோட்டாருக்கான மும்முனைக் கரண்டு மதியம் ரெண்டு மணியோடு போய்விடும். செடி மூன்று நாளாகக் காய்கிறது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சேலையை மடிப்பதும் போன் போடுவதுமாக இருந்தேன். வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு அப்பால் உள்ளார் என்றாள் போனில் ஒருத்தி. உள்ளாராம்! மோட்டாருக்கு இம்புட்டு மரியாதை. பன்னெண்டரைக்கு ஆரம்பித்துப் பதினாறு தடவை போட்டேன். நாசமாய்ப் போக என்று வாய்விட்டே திட்டினேன். சேலை பார்க்க வந்த அம்மா தன்னைத்தான் என்று நினைத்து அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டார்.

ரெண்டே காலுக்கு வீட்டுக்காரர் கூப்பிட்டார். லோடு இல்லையென்று தோட்டத்துக்குப் போனவர், கிணற்றுக்குள் இறங்கி மோட்டாரைப் பிரித்து அடைப்பு எடுத்தாராம்.

"எப்ப எறங்குனீங்க?"

"பன்னெண்டு இருக்கும். இப்பத்தான் ஏறி வாரேன்."

"ஃபியூஸைப் புடுங்குனீங்களா?"

"பெட்டிதான் செத்துக் கெடக்கேன்னு விட்டுட்டேன்."

பதினாறு தடவையும் ஒன்றின் மேல் விரலைத் தயாராக வைத்திருந்தேன். சேலைக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது புதுப் பெட்டி. முதல் மணியிலேயே எடுக்கிறது. இன்னும் கொஞ்ச வருஷத்தில் போனே வேண்டாம், மண் காய்ந்தால் மோட்டார் தானாக ஓடும் என்கிறார் கடைக்காரர். கிணற்றுக்குள் ஆள் இருக்கிறதா என்று அது யாரைக் கேட்கும் என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போதெல்லாம் முதலில் வீட்டுக்காரருக்குத்தான் போடுகிறேன். "மேலதான் இருக்கேன்" என்ற பிறகே மோட்டாருக்கு. நேற்று அவர் எடுக்கவில்லை. கரண்டு போகும்வரை நானும் மோட்டாரைக் கூப்பிடவில்லை. செடி வாடிக் கிடந்தது. மனுசன் எங்கேயோ டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.