தீமிதிக்கு நேர்ந்துகொண்ட கால்கள்

புஷ்பவள்ளி கட்டிக்கொண்ட மாமன் மகன் உத்திராபதிக்குக் காது இரண்டும் நன்றாகவே கேட்கும். ஆனால் அவை அவருக்கு வேண்டியதை மட்டும்தான் உள்ளே விடும். இருபது வருஷமாக அவள் தலையில் அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

அண்ணாமலை நகரில் மாணவர் விடுதிச் சமையல் மாஸ்டர் அவர். பாயசத்தில் இனிப்புப் பார்க்கிறேன் என்று கரண்டி கரண்டியாக விழுங்கியே சர்க்கரையை வாங்கிக்கொண்டார் என்பது புஷ்பவள்ளியின் தீர்ப்பு. 2004இல் வந்த சர்க்கரை, நாலைந்து வருஷத்தில் காலுக்கு இறங்கியது. படுத்தால் பாதம் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும். பகலில் மரத்துக் கிடக்கும். நரம்பு கெட்டுவிட்டது, மாத்திரையை ஒழுங்காகப் போடு, வாயைக் கட்டு என்றார் சுகர் டாக்டர். அதிலிருந்து அந்த டாக்டரைக் கண்டாலே உத்திராபதிக்கு ஆகாது.

அப்போதுதான் கடலூரில் அக்குபஞ்சர் பார்க்கும் சிந்துஜாவைப் பற்றி யாரோ சொன்னார்கள். வாராவாரம் சொந்த ஊரான புவனகிரியில் பஸ் ஏறி, மாமியார் வீட்டு விருந்துக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி பவுடர் பூசிக்கொண்டு போனார். முதல் நாள் புஷ்பவள்ளியும் கூடப் போயிருந்தாள்.

"எரிச்சல் கொறையலாம், எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது. சுகர் மாத்திரைய நிறுத்தாதீங்க. செருப்பில்லாம நடக்காதீங்க. தெனமும் உள்ளங்காலப் பாருங்க" என்று அந்தப் பெண் படித்துப் படித்துச் சொன்னாள். எரிச்சல் குறையும் என்பது மட்டும்தான் உத்திராபதியின் காதில் ஏறியது.

எரிச்சல் என்னவோ குறைந்தது. ஊசியாலா, நரம்பு மொத்தமாகச் செத்ததாலா, யார் கண்டது?

"ஊசி குத்துறதே தெரியல வள்ளி. என்னா கைராசி அந்தப் பொண்ணுக்கு!" என்று வீட்டில் மட்டுமல்ல, தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாத்திரையை நிறுத்தினார். அதோடு விட்டாரா? கால் குணமானால் தீ மிதிப்பதாகத் திரௌபதி அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாராம். ஒரு சாயங்காலம் கையில் மஞ்சள் காப்போடு வந்து நின்றார்.

புஷ்பவள்ளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் மாமா, ஒனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா? செருப்பில்லாம நடக்கக் கூடாதுன்னாங்க, நீ நெருப்புல நடக்கப் போறியா?"

"காப்புக் கட்டுன ஆளுகிட்ட எதுத்துப் பேசாத. அம்மனுக்கு ஆவாது."

வழக்கம் அப்படித்தான். காப்புக் கட்டியவர் செருப்புப் போடக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, அவரைத் தடுத்துப் பேசினால் தெய்வக் குற்றம். கடலூருக்கு இழுத்துப் போய் சிந்துஜாவை விட்டுத் திட்டச் சொல்லவும் வழியில்லை. பூசாரி வைத்திலிங்கத்திடம் ஓடினாள்.

"கட்டுன காப்ப அவுக்க முடியாதும்மா. வேணும்னா அவருக்குப் பதிலா ஊட்டுல வேற ஆளு தீயில எறங்கலாம்" என்றார் அவர். அதை வந்து சொன்னபோது, "ஏன், நான் என்னா செத்தா போயிட்டேன்?" என்று பாய்ந்தார் உத்திராபதி. அதற்கு மேல் பேசுவதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

தீமிதிக்கு முதல் நாள் கோயிலிலிருந்து வந்தவர், நேரே சமையல்கட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"என்னா வள்ளி, ஊடெல்லாம் ரத்தம்? எங்க வெட்டிக்கிட்ட?"

அவளுக்கு ஒரு காயமும் இல்லை. வாசலில் தொடங்கிய சிவப்புத் தடம் சமையல்கட்டைச் சுற்றி அவர் நாற்காலியில் வந்து முடிந்திருந்தது. புஷ்பவள்ளி அவருடைய வலது காலைத் தூக்கி மடியில் வைத்தாள். உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஒன்று ஏறியிருந்தது. அவள் அதைப் பிடுங்கி, கழுவி, துணி வைத்துக் கட்டியதை அடுத்தவர் காலைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊசி தெரியல, ஊசி தெரியலன்னு ஊரெல்லாம் சொன்னியே, கைராசியா இது? ஒனக்குக் காலே தெரியல மாமா! நாளைக்கு நான் எறங்குறேன். எனக்குச் சுடும், ஓடியாந்துருவேன். நீ நடுவுல நின்னு கும்புட்டுட்டு வருவ."

உத்திராபதி இடது காலை நீட்டினார்.

"இதுவும் அப்படித்தானா? அழுத்திப் பாரு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் காலின் பெருவிரலைத் தன் நகம் பதிய அழுத்தினாள்.

"ம், அழுத்து" என்றார்.

அவள் அழுத்திக்கொண்டேதான் இருந்தாள். இத்தனை நாள் ஆத்திரமும் அழுகையாக வந்தது.