வின்ச் எங்களுடையது, பார்ஜ் அவருடையது

பார்ஜுகளுக்குச் சாமான் வாடகைக்கு விடும் தொழிலில், சாமான் கடலுக்குப் போய்விடும். அதற்கான பில்தான் கரை சேரப் படாத பாடு படும்.

எங்கள் கடை கிள்ளான் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், லோரிப் பட்டறைகளுக்கு நடுவே இருக்கிறது. பார்ஜ் என்றால் சொந்த இன்ஜின் இல்லாத தட்டைக் கப்பல். மணலும் மரமும் ஏற்றிக்கொண்டு மிதக்கும். முன்னால் ஒரு டக்போட் அதை இழுத்துக்கொண்டு போகும். அதில் நங்கூரத்தை இழுக்கும் வின்ச், ஜெனரேட்டர், தண்ணீர் பம்ப் என்று எது தேவைப்பட்டாலும் எங்களிடம் வாடகைக்குக் கிடைக்கும். நான் அங்கே அக்கவுண்ட்ஸ் புஷ்பா. பெயருக்குத்தான் கணக்கு வேலை. உண்மையில் என் வேலை, போன் போட்டுப் பணிவாகப் பணம் கேட்பது. பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பி, இரண்டு கோடும் நீலமாகி, அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்காமல் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் இனத்தார் இதைப் படித்தால் கொஞ்சம் ஆறுதல் அடைவார்கள்.

சேவியர் அங்கிளிடம் பணம் கேட்பது

சேவியர் அங்கிளிடம் ஒரு டக்போட்டும் ஒரு பார்ஜும் இருந்தன. எங்கள் முதலாளி ராமநாதன் அங்கிளுக்கு அவர் இளமைக்காலத்து நண்பர். முதலாளி இந்தக் கடையைத் தொடங்கியபோது பேங்க்கில் ஜாமீன் கையெழுத்து கேட்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் அந்த வாரம் பார்த்து வெளியூர் போய்விட, கையெழுத்துப் போட்டவர் சேவியர் அங்கிள். அதனால் அவருடைய பில் தாமதமானால் கடையில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஒன்று இரண்டாகி, இரண்டு கட்டாகி, முதலாளிக்கே நெஞ்சு உறுத்த ஆரம்பித்த பிறகுதான் என்னைக் கேட்கச் சொன்னார்.

சேவியர் அங்கிளிடம் பணம் கேட்பது லேசான காரியமில்லை. போனை எடுத்ததும் அம்மாவின் முழங்கால் வலியை விசாரிப்பார். அதற்கு என்ன எண்ணெய் தேய்க்கலாம் என்பார். மதியம் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டு, அதில் காய்கறி போதாது என்று வருத்தப்படுவார். போனை வைத்த பிறகுதான் எதற்குக் கூப்பிட்டேன் என்பது எனக்கு நினைவு வரும். ஒரு நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, அவர் ஹலோ சொல்வதற்குள் பில் என்னாச்சு என்று கேட்டுவிட்டேன்.  அவர் ரொம்பப் பாசமாகச் சொன்னார்: "ஒன் பில்லு பத்திரமா இருக்கும்மா. நான் தொடவே இல்ல."

ஜெனரேட்டருக்கு இரண்டு கதை

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஜெனரேட்டர் ஒன்று அவருடைய பார்ஜில் போகும்போது நடுக்கடலில் நின்றுவிட்டது; அதனால் வின்ச்சும் ஓடாமல் நங்கூரத்தைத் தூக்க முடியவில்லை. மரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது என்று மரக் கம்பெனிக்காரன் அவருக்குத் தர வேண்டியதில் பிடித்துக்கொண்டான். ஓடாத ஜெனரேட்டருக்கு வாடகை எதற்கு என்று அவர் கேட்டார். எங்கள் கடையிலிருந்து போகும்போது அது நன்றாகத்தான் ஓடியது, உன் ஆள் தப்பான எண்ணெய் ஊற்றியிருக்கிறான் என்றார் முதலாளி.

இதெல்லாம் போனில் இல்லை, கடையில், நேருக்கு நேர். பக்கத்துப் பட்டறையில் வெல்டிங்கை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கலக்கி வைத்தேன். சேவியர் அங்கிள் தன்னுடையதைக் குடித்து முடித்தார், டம்ளரைத் தானே கழுவி வைத்தார், வாசலில் நின்று திரும்பினார்: "நீ எனக்கு ஏத்தி விட்டது ஜெனரேட்டர் இல்ல ராமு, சரக்கு. அதைச் சொமந்துகிட்டுப் போனதுக்கு நான்தான் ஒனக்கு பில் போடணும்."

பச்சைப் பெயிண்ட்

அந்தச் சண்டைக்குப் பிறகு அவர் என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு ஒரு நல்ல வேலை வந்தது. ஆற்று முகத்தில் தூர் வாருகிறவர்களுக்குப் பெரிய வின்ச் வேண்டுமாம், மாதக்கணக்கில். எங்களிடம் இருந்த ஒரே பெரிய வின்ச் சேவியர் அங்கிளின் பார்ஜில் இருந்தது. பணம் வராவிட்டால் போகிறது, சாமானையாவது கொண்டுவருவோம் என்று முதலாளி காடியை எடுத்துத் துறைமுகத்துக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

படகுகள் கட்டும் ஜெட்டியில் பார்ஜ் நின்றது. ஆனால் அதன் பக்கவாட்டில் வேறு பெயர் எழுதியிருந்தது. மேலே ஒரு சீன முதலாளி குடை பிடித்துக்கொண்டு பெயிண்ட் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வின்ச்சுக்குப் புதிதாகப் பச்சை அடித்திருந்தார்கள். பெயிண்டுக்கு அடியில் எங்கள் கம்பெனிப் பெயர் பொறித்த தகடு மேடாகத் தெரிந்தது. முதலாளி அதை விரலால் தடவிப் பார்த்தார். சேவியர் அங்கிள் பார்ஜையே விற்றுவிட்டார், எங்கள் வின்ச்சோடு.

சீன முதலாளி நல்ல மனிதர். எஸ்டேட் பக்கம் வளர்ந்தவராம், தமிழ் நன்றாகப் பேசினார். எங்களை நிழலில் உட்கார வைத்து, குடிக்கக் கொடுத்து, வாங்கிய பத்திரத்தையும் காட்டினார். ஒரு வின்ச்சின் விலை என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் முதலாளி முகத்தில் இருந்தது அந்தக் கணக்கில்லை. திரும்பும் வழியில், கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்று ஒரே ஒரு முறை சொன்னார்.  தூர் வாருகிற வேலை வேறொருவருக்குப் போனது. அந்த மாதம் எங்கள் எல்லாருக்கும் சம்பளம் தாமதம். இத்தனைக்கும் நடுவில், அந்த வின்ச் எங்களுடையது என்று நாங்கள் எடுத்துச் சொன்னபோது சீன முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை: "நான் பார்ஜு வாங்குனேன் லா அண்ணே. மேல என்னா ஒட்டிகிட்டு இருக்கோ, அதும் பார்ஜுதானே."

அந்தப் பெரிய வார்த்தை

வழக்கறிஞர் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில், ஒரு சேலைக் கடைக்கு மேல் மாடியில். எங்கள் வழக்கை எடுத்த பெண் சின்ன வயது. முதலாளி அவரை 'லாயரம்மா' என்றுதான் கூப்பிடுவார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதில் இரண்டு விஷயம் இருக்கிறது என்றார் அவர். பில் கட்டாதது ஒன்று. வின்ச்சை விற்றது இன்னொன்று. அதற்குச் சட்டத்தில் 'கன்வெர்ஷன்' என்று பெயர்.

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நம் ஊரில் அந்த வார்த்தையை அவர் கேள்விப்பட்டதெல்லாம் ஒரே ஒரு விஷயத்தில்தான். அதெல்லாம் வேண்டாம் அம்மா, அவன் பரம்பரைக் கிறிஸ்துவன், மதம் பற்றி நாங்கள் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை என்று பதறிப்போய்ச் சொன்னார். லாயரம்மா சிரிக்கவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்தவர் பொருளைத் தன் பொருள் மாதிரி நடத்துவதற்குத்தான் அந்தப் பெயர் என்று விளக்கினார்.  முதலாளி நோட்டீஸ் அனுப்பச் சம்மதித்தார். கதவு வரைக்கும் போனவர் திரும்பி வந்து கேட்டார்: "இதைவிடக் கொஞ்சம் சின்ன வார்த்தையா இருந்தா போடுங்கம்மா. அவன் சம்சாரமும் படிப்பாங்க."

தட்டில் வந்த பத்திரிகை

சம்சாரம் படித்துத்தான் இருந்தார். நோட்டீஸ் போன கொஞ்ச நாளில் மேரி ஆன்டி கடைக்கு வந்து நின்றார், கையில் பழத்தட்டோடும் மகளின் கல்யாணப் பத்திரிகையோடும். எதிர்த்தரப்போடு நேரில் எதுவும் பேசக் கூடாது, எல்லாம் என் மூலமாகத்தான் என்று லாயரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதலாளி தட்டை வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் கால்குலேட்டரைப் பார்த்தேன்.

மேரி ஆன்டி உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார். டக்போட் இன்ஜின் போய்விட்டதாம். இருந்த ஒரு வருமானமும் நின்றுபோனதால், இன்ஜின் மாற்றுவதற்காகச் சேவியர் அங்கிள் பார்ஜை அவசரமாக விற்றாராம். வாங்குகிறவன் வின்ச்சோடுதான் வேண்டும் என்று நின்றானாம். அப்புறம் ராமுவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தவருக்கு, அந்த அப்புறம் வந்தபோது எதிரில் வந்து நிற்க முகம் இல்லையாம். புருஷனுக்காக அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, வழக்கை விட்டுவிடச் சொல்லவும் இல்லை. முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, லாயர் என்னைப் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றார். மேரி ஆன்டி தட்டை அவர் கையிலேயே வைத்தார்: "நீங்க பேச வேணாண்ணே. வந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

மண்டபம்

கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்பதில் முதலாளிக்குக் குழப்பமே இல்லை. மொய்க் கவரில் எவ்வளவு வைப்பது என்பதில்தான் குழப்பம். குறைவாக வைத்தால் வன்மம் என்பார்கள். நிறைய வைத்தால், இவ்வளவு இருக்கிறவனுக்கு எதற்குக் கேஸ் என்பார்கள். என்னை லாயரம்மாவிடமே கேட்கச் சொன்னார். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று பதில் வந்தது. கடைசியில் எவ்வளவு வைத்தார் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை.

கிள்ளானில் ஒரு பெரிய மண்டபம். வாசலில் கோட்டுப் போட்டுக்கொண்டு வரவேற்றுக்கொண்டிருந்த சேவியர் அங்கிள் எங்களைக் கண்டதும் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார், மறுபடியும் போட்டார். கை கொடுக்கவில்லை. முதலாளியின் முழங்கையைப் பிடித்து முன் வரிசை மேசைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் துறைமுகத்துக்காரர்கள், விஷயம் தெரிந்தவர்கள். பிரியாணியைப் பற்றி ரொம்பக் கவனமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கேக் வெட்டி முடிந்ததும் சேவியர் அங்கிள் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்தார். யாரையும் பார்க்காமல், மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு, அந்த வின்ச் ராமுவுடையது, நான் கேட்காமல் விற்றுவிட்டேன் என்றார். குரல் சின்னதாகத்தான் இருந்தது. ஆனால் மேசையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. அந்த மேசையில் ஒருவர் சொல்வது மறுநாள் துறைமுகம் முழுக்கத் தெரியும் என்று அவருக்குத் தெரியாதா என்ன. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. முதலாளி தன் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்: "மொதல்ல சாப்பிடு. காலைலேருந்து வாசல்லயே நிக்கிற."

கடைசி பில்

அதற்குப் பிறகு லாயரம்மாவின் மாடியில் எல்லாரும் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதினோம். ஜெனரேட்டர் ஓடாமல் கிடந்த நாட்களின் வாடகையை நாங்கள் கழித்துக்கொண்டோம். மீதியைத் தவணையில் கட்டுவதாக அவர் ஒத்துக்கொண்டார். வின்ச்சைச் சேவியர் அங்கிளே சீன முதலாளியிடமிருந்து திரும்ப வாங்கிக் கொடுத்தார்; பெயிண்ட் அடித்த செலவையும் அந்த மனிதர் சேர்த்துத்தான் வாங்கினாராம். எண்ணெய் தப்பா, ஜெனரேட்டர் தப்பா என்பது மட்டும் முடிவாகவில்லை. அதைப் பேச ஆரம்பித்தால் இன்னொரு வழக்கு வரும் என்று லாயரம்மா இரண்டு பேர் கையிலும் பேனாவைக் கொடுத்துவிட்டார்.

கையெழுத்தானதும் கீழே இறங்கி வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். சாப்பிட்டு எழுந்ததும் கல்லாவுக்கு முன்னால் சண்டை ஆரம்பமானது. நான்தான் கட்டுவேன் என்று சேவியர் அங்கிள் முதலாளியின் பர்ஸை அவர் பாக்கெட்டுக்குள்ளேயே அமுக்கிப் பிடித்துக்கொண்டார். முதலாளி இன்னொரு கையால் அவரை இடுப்போடு தள்ளினார். மாதக்கணக்காக ஒரு பில்லுக்கு நான் கெஞ்சிய அதே மனிதர், நாலு இலைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்ட விடவில்லை என்று முகம் சிவந்து நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. கல்லாவில் இருந்த அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "யாராச்சும் ஒருத்தர் கட்டுங்க பாஸ், பின்னால ஆளு நிக்கிறாங்க."

கட்டாத வாடிக்கையாளருக்கு நோட்டீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. கட்டாத சிநேகிதருக்குத்தான் இன்னும் யாரும் ஒரு கோர்ட் கட்டி வைக்கவில்லை.