இடப்பக்கம் போகிறவர்கள்

ஜன்னலோரம் போய் நின்று சாலையைக் காட்டுவார் சிவசம்பு. பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரியின் இரண்டாம் மாடி. அங்கே அவர் நடத்தும் அனைத்துலக உறவுகள் பாடத்தில் எல்லாருக்கும் தலை சுற்றும் கேள்வி வரும்போதுதான் அப்படி: நாடுகள் சேர்ந்து உலக ஒழுங்கை உண்டாக்குகின்றனவா, அந்த ஒழுங்குதான் நாடுகளை ஆட்டிவைக்கிறதா?

"அங்க பாருங்க. எல்லாரும் இடப்பக்கம் போறாங்க. போலீஸ் பயமா? இல்ல லா. மத்தவனும் அப்படித்தான் போவான்னு நம்பிக்கை. ரோடு நம்மள ஓட்டுது; அந்த ரோட்ட நாமதான் வச்சிருக்கோம். நெனச்சா மாத்தலாம்."

"ஒருத்தன் மட்டும் மாத்தினா, சார்?"

"லோரியில அடிபட்டுச் சாவான்!"

வகுப்பு சிரிக்கும். அவருக்குத் தொந்தி குலுங்கும். பிறந்தது இந்த நாட்டில், கிள்ளானில்தான்; மனம் பதறினால் மட்டும் பெற்றோரின் யாழ்ப்பாணத் தமிழ் வந்துவிடும்.

எண்பத்து மூன்று ஜூலையில் கொழும்பு எரிந்தது. அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனவள் அவருடைய தங்கை குணபூசணி. தொலைபேசி அடித்தது, எடுக்க ஆளில்லை. பிறகு அடிக்கவும் இல்லை.

வெளியுறவு அமைச்சின் அலுவலகத்துக்குப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்தவன் ராதாகிருஷ்ணன், அவரிடம் படித்தவன். எழுந்து நாற்காலி போட்டான், கோப்பி வரவழைத்தான்.

"எங்கட தூதரக அதிகாரிமார் அங்க இருக்கினம்தானே. ஒருத்தரை அந்த வீட்டுப் பக்கம் போய்ப் பார்க்கச் சொல்லு, தம்பி. வேறொண்டும் கேக்கேல்லை."

"அவங்க அந்த நாட்டுப் பிரஜை சார். உள்நாட்டு விவகாரம். நான் தனியா என்ன செய்ய முடியும்?" அவன் குரல் தாழ்ந்தது. "ஒருத்தன் மட்டும் மாத்தினா என்ன ஆவான்னு நீங்கதானே சார் சொல்லிக்குடுத்தீங்க."

சிவசம்பு மரியாதைக்காகக் கோப்பியைக் குடித்துவிட்டு வந்தார்.

குணபூசணி அகதி முகாமில் இருப்பதாக ஒருவர் சொன்னார். விசாரித்தால், அது வேறு யாரோ. அப்புறம் சேதியே இல்லை. இப்போதும் வகுப்புக்குப் போகிறார். அந்த உலக ஒழுங்குப் பகுதி வந்தால், "புத்தகத்துல இருக்கு, படிச்சுக்குங்க" என்று தாண்டிவிடுகிறார். மாணவர்களுக்கும் அதுவே நிம்மதி.

சென்ற வெள்ளிக்கிழமை கந்தசுவாமி கோயிலில் ராதாகிருஷ்ணன் எதிரே வந்துவிட்டான். விலக இடமில்லை. "சார்..." என்றவன் தலை நிமிரவில்லை. சிவசம்பு தன் உள்ளங்கையில் இருந்த திருநீற்றைத் தொட்டு அவன் நெற்றியில் பூசினார். மீதியைத் தான் பூசிக்கொள்ளாமல் தூணோரக் கிண்ணத்தில் தட்டிவிட்டு, வெறும் நெற்றியோடு வெளியே நடந்தார்.