கேட்காமல் போட்ட தீர்மானம்

போன வாரம் மலைமேல் வளப்பூர் நாட்டிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் பஸ்ஸில் வந்தேன். பின்சீட்டுக்கு அடியில் யாரோ பழுத்த பலாப்பழத்தைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். பலாப்பழ வாசனைக்கு ஒரு குணம் உண்டு, கவனித்திருப்பீர்கள். டிக்கெட் வாங்காமலே பஸ் முழுக்க உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு வளைவிலும் அது ஒருமுறை மூக்கில் இடிக்க, நான் அரை நூற்றாண்டுக்கும் மேல் பின்னால் போய்விட்டேன். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எனக்கு இருபத்துமூன்று வயது. ஒரு ஊர்க்கவுண்டர் வாசலில், பலாச்சுளைத் தட்டுக்கு முன்னால், மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது அடிவாரத்து ஊரில் ராவுத்தர் ஒருவரின் மிளகு மண்டியில் எடை போடுவது என் வேலை. மண்டியின் பின்கட்டில்தான் எங்கள் ‘மனிதர் சங்கம்’ கூடும். மொத்தம் ஐந்து பேர். ஊரார் எங்களைச் ‘சாமியில்லாக் கூட்டம்’ என்பார்கள். ஐந்து வேளையும் தொழுகிற ராவுத்தர் எங்களுக்கு இடம் கொடுத்தது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். “சாமி இருக்கோ இல்லியோ, மூட்டை மேல கால் வெக்காம உக்காருங்க” என்பது மட்டுமே அவர் போட்ட நிபந்தனை.

பத்திரிகையைச் சத்தமாகப் படிப்போம். சாதி பார்க்காமல் ஒன்றாகச் சாப்பிடுவோம். மலையில் காய்ச்சல் என்றால் கொய்னா மாத்திரையைத் தூக்கிக்கொண்டு ஏறுவோம். தும்மல் சகுனமா இல்லையா என்று ஒருநாள் விவாதம் வைத்தோம். மிளகு நெடியில் விவாதம் முடிவதற்குள் முப்பது தும்மலாவது விழுந்திருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதையே சான்றாக எழுதி வைத்தோம்.

எழுதியது நான்தான். நான்தான் செயலாளர். மூன்றாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ஒரு நீள நோட்டும் கட்டைப் பேனாவும் கிடைத்தால் என்ன ஆவான்? எதற்கெடுத்தாலும் தீர்மானம்தான்.

எங்களில் பழனியப்பன் என்று ஒரு தையல்காரன். அவனுக்கு நல்லம்மாள் மேல் விருப்பம். நல்லம்மாள் கல்யாணமான வருஷமே கணவனை இழந்து, அண்ணன் வீட்டில் மாட்டோடு மாடாக உழைத்துக்கொண்டிருந்தவள். மறுமணம் என்ற பேச்சை எடுத்தாலே காலை ஒடிப்பேன் என்று அண்ணன் சொல்லியிருந்தான். நாங்கள் ஆறு கூட்டம் போட்டோம். ‘நல்லம்மாளுக்கு மறுமணம் செய்து வைப்பது’ என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அடிவாரத்தில் நடத்தினால் கலகம் வரும், மலைக்குப் போய்விடலாம் என்று முடிவாயிற்று. எங்கள் மண்டிக்கு மிளகு கொண்டுவரும் வளப்பூர் நாட்டு ஊர்க்கவுண்டர் எனக்குப் பழக்கம்.

மூடநம்பிக்கையை முறியடிக்க வேண்டாமா? ஆடி மாதத்தில், ராகு காலம் பார்த்துப் புறப்பட்டோம். ராகு ஒன்றும் செய்யவில்லை; ஆடி மாதச் சாரல்தான் செய்தது. பழனியப்பனின் அக்கா போய் “வாடி போலாம்” என்றதும் நல்லம்மாள் ஒரு துணி மூட்டையோடு வந்துவிட்டாள். ஒற்றையடிப் பாதையில் வழுக்கி விழுந்து, உச்சிக்குப் போனபோது எல்லோரும் சேறு. பதினோரு பக்கப் பிரசங்கத்தை மட்டும் நனையாமல் மடியில் வைத்திருந்தேன்.

கவுண்டர் வாசலில் ஊர் கூடியதும், புரோகிதர் ஏன் கூடாது என்று ஆரம்பித்தேன். ஊர்க்கவுண்டர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், பொறுமையானவர். இரண்டு பக்கம் கேட்டார்.

“ஏனுங்க, எங்க மலைக்குப் புரோகிதரே வந்ததில்லீங்களே. வராதவர எதுக்குங்க வேண்டாங்கறீங்க?”

சரி என்று மறுமணத்துக்குத் தாவினேன். “அறுத்துக் கட்டறதுங்களா? இங்க பாதி ஊட்டுல அப்பிடித்தானுங்க” என்று சுளைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். மிச்சம் ஒன்பது பக்கத்தையும் மடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அவர் நல்லம்மாளிடம் திரும்பினார். “அம்மிணி, நாளைக்கு உங்கண்ணன் வந்து கேட்டா நான் பதில் சொல்லோணும். சபையில பொம்பள வாயால சொல்றதுதான் எங்க வழக்கம். உனக்குச் சம்மதமா?”

அவள் துணி மூட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு கூட்டம், பெண் விடுதலை பற்றி நாலு சொற்பொழிவு, ஏகமனதான தீர்மானம். அவளை ஒருவரும் கேட்கவில்லை. வந்தாள், ஆகவே சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். அண்ணன் வீட்டிலிருந்து தப்பிக்க மட்டும் வந்திருந்தால்? பழனியப்பனைப் பார்த்தேன். அவன் முகத்திலும் அதே கேள்வி.

“இன்னிக்குத்தானுங்க என்னைய ஒருத்தர் கேக்கறாங்க” என்றாள் நல்லம்மாள். பிறகு பழனியப்பனை நேராகப் பார்த்தாள். “உங்க கூட்டத்துக்கு நானும் வரலாமா? இல்ல, கதவுக்கு வெளியதான் நிக்கோணுமா?”

“உள்ள வந்து உக்காரு” என்றான் அவன்.

“அப்பச் சரிங்க. எனக்குச் சம்மதம்.”

பிடித்திருந்த மூச்சை ஐந்து பேரும் ஒன்றாக விட்டோம். எனக்கு அதோடு ஒரு தும்மலும் வந்தது. யாரும் சகுனம் பார்க்கவில்லை. நல்லம்மாள்தான் முதலில் சிரித்தாள்.

அன்றைக்கே கல்யாணம் முடிந்தது. மூன்றாம் நாள் அண்ணன் அரிவாளோடு வந்தான். “அவ வாயால சொன்னாப்பா, ஊரே கேட்டுச்சு” என்றார் ஊர்க்கவுண்டர். அவன் அரிவாளைத் திண்ணையில் வைத்து, சாமைச் சோறு தின்றுவிட்டு இறங்கிப் போனான்.

அடுத்த கூட்டத்துக்கு நல்லம்மாள் வந்தாள். ஒன்றாகச் சாப்பிட்ட பிறகு பாத்திரம் யார் கழுவுவது என்பதுதான் அவள் எழுப்பிய முதல் விவாதம். அந்த வாரம் முதல் நான் கழுவினேன்.

இப்போது மண்டி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் குடம் விற்கிறார்கள். பஸ் வந்தபின் ஒற்றையடிப் பாதையைப் புதர் மூடிவிட்டது. ஐவரில் நான் மட்டும் மிச்சம். பழனியப்பனும் நல்லம்மாளும் நெடுநாள் வாழ்ந்துதான் போனார்கள். சங்கத்து நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. மற்ற பக்கங்களுக்காக வருத்தம்தான். ஆனால் அந்த ஏகமனதான தீர்மானத்தின் கீழே ஐந்து கையெழுத்து இருந்தது. ஆறாவதற்கு நான் இடமே விட்டிருக்கவில்லை. அந்தப் பக்கத்தைத் தின்றது நல்லதாகப் போயிற்று.