டிராக் பேண்ட்டில் ஓர் ஒட்டு

வேலப்பன்சாவடியில் ஒரு தையல் கடை. வாசலில் சாக்பீஸால் எழுதிய பலகை: ‘லெக்கின்ஸ், டிராக் பேண்ட் தைக்கப்பட மாட்டாது.’ ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்பார்களே, அந்தத் தோரணை. நானோ திருப்பூர்க்காரன். எங்கள் ஊரில் சோம்பல் முறித்தால் கை ஏதாவதொரு ஓவர்லாக் தையல் மெஷினில் இடிக்கும். இவ்வளவு பெரிய பட்டணத்தில் இழுத்தால் நீளும் துணிக்கு மட்டும் தடை உத்தரவா? கையில் கிழிந்த பேண்ட்டோடு, கொதித்துப்போய் உள்ளே நுழைந்தேன்.

“இதை ஏங்க தைக்க மாட்டீங்க?”

தையல்காரர் தலையைத் தூக்கவில்லை. “அது ரப்பர் மாரி இழுத்துகினே போவும் சார். தச்சா நூலு அறுந்துபூடும். அப்பால நீ வந்து என் உசுர எடுப்பே. தூக்கிப் போட்டுட்டு புச்சா ஒண்ணு வாங்கு.”

தூக்கிப் போடு! இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து மிக்சிக்கும் இதே பதில், குடைக்கும் இதே பதில். ஆனால் இந்தப் பேண்ட்டை நான் தூக்கிப் போட முடியாது. திருப்பூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனி கடைசியாகத் தைத்த சரக்கு இது. வெளிநாட்டுக்காரர் ஆர்டரை ரத்து செய்ததும் பெட்டி பெட்டியாகத் தேங்கியது. கதவைச் சாத்திய அன்று ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். எனக்கு அங்கே செக்கிங் வேலை. பீஸை உள்பக்கம் திருப்பி, தையலை இழுத்துப் பார்த்து, பிசிர் வெட்டி, பாஸ் போட வேண்டும். இதற்குப் பாஸ் போட்டதும் நானே. பிறகுதான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டோர் கீப்பர் வேலையும், அயனம்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் ஒரு வாடகை வீடும் வாய்த்தன.

நடக்கும்போது என் தொடைகள் ஒன்றோடொன்று ஊர்வம்பு பேசிக்கொள்ளும் ரகம். எந்தத் துணியும் அங்கேதான் முதலில் நையும். தையல்காரர் கைவிட்டதும், பழைய பனியன் ஒன்றை வெட்டி வெளிப்புறமாக ஒட்டுப் போட்டு நானே தைத்தேன். ஊசி துணியைவிட என் கட்டைவிரலையே அதிகம் தைத்தது. “இந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு துணியோட அருமை தெரியுதா?” என்று மனைவி தேன்மொழியிடம் பொருமினேன்.

“நம்மூர்ல மட்டும் இதையெல்லாம் யாருங்க தச்சாங்க? கிழிஞ்சா தரை தொடைக்கப் போடுவோம். கிலோக்கணக்குல புதுசா வேற எடுத்துக்குவோம்” என்றாள்.

உண்மைதான். அங்கே இருந்தவரை நான் ஒரு கிழிசலைக்கூடத் தைத்ததில்லை. உண்மை சொல்கிறவர்கள் மீது கோபம் இரட்டிப்பாக வருகிறது, என்ன செய்ய.

அந்த ஒட்டோடு தினமும் மாலையில் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்தேன். ஒரு வாரம் போயிருக்கும். எங்கள் அடுக்ககத்தில் நாலைந்து வீடுகளில் வேலை செய்யும் மாலா, ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து நீட்டினார். “மூணாவது மாடி விஜயாம்மா குட்த்தாங்க. சாருக்குத்தான்.” உள்ளே மூன்று டிராக் பேண்ட்டுகள்.

தேன்மொழியின் முகம் சுருங்கிவிட்டது. நாங்கள் குடிவந்த புதிதில் படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் செல்போனைப் பார்த்துக்கொண்டே இறங்குவார்கள். இப்போதுதான் இரண்டு பேர் நின்று “சாப்பிட்டாச்சா?” என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். “ஒட்டுப்போட்ட பேண்ட்டோட திரிஞ்சீங்க, இப்ப பாவம் பார்த்துத் துணி குடுக்கறாங்க. இனி நான் எப்படிங்க கீழ எறங்குவேன்?” என்றாள்.

பையில் இருந்ததில் ஒன்றை எடுத்து இடுப்புப் பட்டியைப் பார்த்தேன். அந்த எலாஸ்டிக் மடிப்பு எங்கள் ஊர்க் கைவேலை, சந்தேகமே இல்லை. எங்கள் ஊர்த் துணியை எனக்கே தானமாகக் கொடுக்கிறார்களா? அதே ஒட்டுப் பேண்ட்டை வேண்டுமென்றே மாட்டிக்கொண்டு, பையோடு படியேறினேன்.

விஜயாம்மா ஆவடியில் பிறந்தவர். கணவர் பாதுகாப்புத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெறும்வரை அங்கே குவார்ட்டர்ஸில் இருந்தவர். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே முழங்கினேன். நாங்கள் கை நீட்டி வாங்குகிற குடும்பம் இல்லை, இந்த மாநகரமே போட்டுக்கொள்வது நாங்கள் தைத்தது, இப்படியெல்லாம்.

“இன்னா தம்பி, வெய்யில்ல கிய்யில்ல சுத்துனியா? மொதல்ல உக்காரு.”

கோபத்தில் தொப்பென்று உட்கார்ந்தேன். சர்ர்ர்ர்! ஒட்டு அசையவில்லை. அதன் ஓரமாக மிச்சத் துணி கிழிந்து வாயைப் பிளந்தது. பையை மடியில் வைத்து மானத்தை மறைத்துக்கொண்டேன்.

விஜயாம்மா பட்டாணியைக் கீழே வைத்தார். “அய்ய, உன்னை யாரு பையில இருக்கிறதப் போட்டுக்கச் சொன்னது? எங்கூட்டுக்காரரு பேண்ட்டு இது. எந்தக் கடையிலயும் தைக்க மாட்டேங்கிறான். நீ ஒட்டுப் போட்டுகினு நடக்கிறதப் பாத்து, தச்சித் தர முடியுமான்னு மாலா கிட்ட கேட்டனுப்புனேன், அது சொல்லலியா? திருப்பிக்கூடப் பாக்கலியா?”

திருப்பினேன். மூன்றிலும் உள்தொடையில் ஓட்டை.

“செக்கிங்ல இருந்தேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியறியே நைனா!”

வீட்டுக்கு வந்து சொன்னதும் தேன்மொழி அடுப்பை அணைத்துவிட்டுச் சிரித்தாள். எனக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. ஏழை என்று நினைத்துவிட்டார்களே என்று கொதித்தவன், இப்போது தையல்காரன் என்று நினைத்துவிட்டார்களே என்று கொதித்தேன். இது பதவி உயர்வு என்று புரியவே இரண்டு நாள் ஆனது.

கிழிந்ததற்குக் காரணமும் பிடிபட்டது. பனியன் துணி குறுக்கே நன்றாக நீளும், நெடுக்கே அவ்வளவாக நீளாது. நான் ஒட்டைத் திசைமாற்றி வெட்டியிருக்கிறேன். பேண்ட் நீள, ஒட்டு முரண்டுபிடித்திருக்கிறது. இம்முறை துணியை இழுத்துப் பார்த்து வெட்டி, நூலும் நீளட்டும் என்று கோணல்மாணலாக வளைத்துத் தைத்தேன். விஜயாம்மாவின் இரண்டு பேண்ட்டுகள் பிழைத்தன. மூன்றாவது தேறாது. “நீயே வெச்சிக்கோ, ஒட்டுக்கு ஆவும்” என்றார். அந்த நீலத் துணிதான் இப்போது என் கருப்புப் பேண்ட்டில் இருக்கிறது. தேன்மொழி படிக்கட்டில் நின்று, என் மானம் போன கதையை மூன்று மாடிக்கும் சொல்கிறாள். சொல்லட்டும்.

நேற்று மாலை ஏரிக்கரையில் இருந்தபோது திருப்பூரிலிருந்து அண்ணன் அழைத்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “தூக்கிப் போடுறா அதை. இங்க கிலோக்கணக்குல கெடக்குது, பத்து பீஸ் அனுப்பறேன்” என்றான். ஊரிலிருக்கும் சொந்தங்களே, நீங்களுமா? “ஒண்ணும் அனுப்ப வேண்டாம்” என்று கத்தினேன். கரையில் நின்ற கொக்கு பறந்தது. எதிரே வந்தவர் விலகி நடந்தார்.

நானும் நடந்தேன். அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் கருப்பும் நீலமும் ஒரே திசையில் நீண்டு சுருங்குகின்றன. இரண்டும் சேரும் இடத்தில்தான் கொஞ்சம் உறுத்துகிறது. அந்தத் தையலுக்கு மட்டும் நான் இன்னும் பாஸ் போடவில்லை.